காலை ஊனாம எழுவது வளைவு

"மேட்டுல தள்ளிட்டுப் போறதுக்குத்தான்டா சைக்கிளுக்கு ஹேண்டில்பார்னு ஒண்ணு வெச்சிருக்கான்."

இது எங்கப்பா. கொல்லிமலைக்கு சைக்கிள்ல போறேன், 70 கொண்டை ஊசி வளைவும் காலை கீழ ஊனாம ஏறப்போறேன்னு நான் பெருமையா சொன்னதுக்கு, டீயை ஆத்திக்கிட்டே அவரு சொன்ன பதில்.

சொல்றதுக்கு உரிமை உள்ள ஆளுதான். நாமக்கல் லாரியில இருவத்தெட்டு வருசம் ஸ்டியரிங் புடிச்சவரு, அதுல நாலு வருசம், மலை மேல பாக்சைட் வெட்டிட்டு இருந்த காலத்துல, அந்த லோடு அடிச்சவரு. எத்தனாவது வளைவுல மழைக்கு மண்ணு சரியும், எங்க குரங்கு உக்காந்திருக்கும்னு கண்ணை மூடிட்டு சொல்லுவாரு. ஆனா சைக்கிள்னா அவருக்கு இன்னும் அந்த கருப்பு கலர், கேரியர் வெச்ச, டைனமோ வெச்ச சைக்கிள்தான். பால்கேனை ரெண்டு பக்கமும் தொங்க விட்டுட்டு, மேடு வந்தா எறங்கி தள்ளி, மேடு தீந்ததும் ரெண்டு எட்டு ஓடி ஒரு தாவு தாவி ஏறி உக்காந்துக்குவாங்க இல்ல, அந்த சைக்கிள். மேட்டுல தள்ளுனதுக்காக அவங்க யாரும் வெசனப்பட்டு நான் பாத்ததில்ல.

எங்க ஊரு சேந்தமங்கலம் பக்கம். வாசல்ல நின்னு கெழக்கால பாத்தா கொல்லிமலைதான், நீளமா செவுரு கட்டி விட்ட மாதிரி. மழை வருமான்னு பாக்கறதுக்கும் அந்த மலையத்தான் பாப்போம், மேல மோடம் போட்டுருச்சுன்னா அம்மா மொளகாயை அள்ளிருவாங்க. ஆடிப்பெருக்குக்கு எங்க பாட்டி அரப்பளீஸ்வரர் கோயிலுக்கு நடந்தே போயிட்டு வந்த கதைய நூறு தடவ கேட்டுருக்கேன். பஸ்ல, பைக்ல, கார்ல நானும் பல தடவ போயிருக்கேன். அதனாலயோ என்னவோ, சொந்தக்கால்ல ஒரு தடவ ஏறலியேன்னு ஒரு உறுத்தல்.

ஆனா இந்த 'காலை ஊனக்கூடாது'ங்கற வியாதி எனக்கு எங்கிருந்து ஒட்டுச்சுன்னு இப்ப யோசிச்சா சிரிப்பா வருது. சைக்கிள் ஓட்டற பசங்க கூட பழகுனதுல வந்தது. அவங்க பேச்சே அப்படி, எறங்கி தள்ளுனா அது ஏறுனதுல சேத்தி இல்லைம்பாங்க. நம்ம பசங்க மட்டும் இல்ல, அந்த காலத்துலயே வெள்ளக்காரனுக்கும் இந்த வியாதி இருந்திருக்கு. 1910ல டூர் டி ஃப்ரான்ஸ் ரேஸை முதல் தடவையா பிரனீஸ் மலையோட பெரிய கணவாய்கள் வழியா விட்டாங்க. அதுல தூர்மலேன்னு ஒரு கணவாய், 2,115 மீட்டர், நம்ம ஊட்டி உயரம்னு வெச்சுக்குங்களேன், ரோடுன்னு பேருக்கு கல்லும் மண்ணும். கியர் மாத்தற மெஷின் கெடையாது, ரேஸ்ல டிரெய்லர் விட்டதே 1937லதான். (டிரெய்லர்னா பின்னாடி சக்கரத்துக்குக் கீழ தொங்கிட்டு செயினை தள்ளி விடுமே அது. டிரெய்லர்னு எங்க மெக்கானிக்கும் சொல்லுவாரு, டீரெய்லர்னு நான் திருத்துனா மொறைப்பாரு, அதனால டிரெய்லர்.) அன்னிக்கு குஸ்தாவ் காரிகூங்கற ஒருத்தரு மட்டும் காலை ஊனாம தூர்மலே ஏறிட்டாரு, அதுக்காகவே தனியா 100 ஃப்ராங்க் பரிசு குடுத்தாங்க. ஆக்டேவ் லாபிஸ்ங்கறவரு அங்கங்க எறங்கி தள்ளிட்டுப் போனாரு. உச்சிய முதல்ல தாண்டுனது லாபிஸ். அந்த வருசம் மொத்த ரேஸையும் ஜெயிச்சதும் லாபிஸ்தான். இதை நான் முழுசா படிச்சிருந்தும் எனக்கு மண்டையில நின்னது அந்த 100 ஃப்ராங்க் மட்டும்தான், பாருங்க.

என்ற சைக்கிள் செகண்ட்ஹேண்ட்ல வாங்குன ஒரு மவுண்டன் பைக். 26 இஞ்ச் சக்கரம், முன்னாடி சஸ்பென்சன், முன்னாடி மூணு பின்னாடி ஏழுன்னு இருவத்தோரு கியர், எடை 16 கிலோ. சஸ்பென்சனை பூட்டி வெக்கற வசதி இல்லாத மாடல், எந்திரிச்சு நின்னு மிதிச்சா முன்பக்கம் தவளை மாதிரி எகிறும், மிதிக்கறதுல பாதி அதுக்கே போயிரும். விக்கும்போது 'மலைக்கே போலாங்க'ன்னு சொன்னாங்க. மலைக்குப் போலாம்தான், அடிவாரம் வரைக்கும்.

முதல் தடவ போனது ஏப்ரல் மாசம், அதைப் பத்தி நெறைய சொல்ல ஒண்ணுமில்ல. ஏழரை மணிக்கு கெளம்புனது தப்பு, ஆறு இட்லி தின்னுட்டு கெளம்புனது தப்பு, தண்ணி ஒரே பாட்டில் எடுத்துட்டுப் போனது பெரிய தப்பு. அடிவாரத்துல இருக்கற காரவள்ளியில இருந்து முதல் பத்து வளைவு பறந்தேன். 31வது வளைவுல கண்ணு முன்னாடி பூச்சி பறந்துச்சு. வாழத்தார் ஏத்திட்டு எறங்குன குட்டியானை ஒண்ணை கைகாட்டி நிறுத்தி, சைக்கிளைத் தூக்கி தார் மேல போட்டு, நானும் தாரோட தாரா உக்காந்து வீடு வந்து சேந்தேன். சட்டையில இருந்த வாழக்கறை இன்னும் போகல. அப்பா ஒண்ணுமே சொல்லல, அதுதான் தாங்க முடியல.

அப்புறம்தான் ராசிபுரத்துல இருக்கற மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். சைக்கிளை ஒரு தடவ சுத்தி வந்து பாத்துட்டு, "ஏனுங் தம்பி, இந்தப் பல்லை வெச்சுக்கிட்டா கொல்லிமலை போனீங்க?"ன்னாரு. அவரு சொன்னதை அப்படியே சொல்றேன், ஏன்னா நான் ஏறுனதுல பாதிக்கு மேல காரணம் அதுதான், என்ற காலு இல்ல. செயின் ஓடற பல்லுச்சக்கரத்துல, முன்னாடி இருக்கற சின்னதுல 24 பல்லு, பின்னாடி இருக்கற பெரிசுல 28 பல்லு இருந்துச்சு. அப்ப பெடலை ஒரு முழு சுத்து சுத்துனா பின்சக்கரம் ஒரு சுத்துக்குக் கொஞ்சம் கம்மியா சுத்தும், ரோட்டுல கிட்டத்தட்ட 1.77 மீட்டர் போவோம். பின்னாடி 28ஐ எடுத்துட்டு 34 பல்லு இருக்கற ஃப்ரீவீல் (பின்சக்கரத்துல இருக்கற பல்லுச்சக்கரக் கொத்து) போட்டா அதே ஒரு சுத்துக்கு 1.46 மீட்டர்தான். ஒரு சுத்துக்கு ஒரு முழத்தை விட கம்மியாத்தான் வித்தியாசம், ஆனா ஒவ்வொரு மிதிக்கும் ஆறுல ஒரு பங்கு பாரம் கொறையுது, பாருங்க. மலை ஏறி முடிக்கறதுக்குள்ள பெடலை பத்தாயிரம் தடவைக்கு மேல சுத்தணும், ஒவ்வொண்ணுலயும் ஆறுல ஒண்ணு மிச்சம். 34 பல்லு சக்கரம் மத்ததைவிட தாட்டியா, தட்டு மாதிரி இருக்கும், பின்னாடி அதுக்கு அடுத்தது 24 பல்லு, அந்த 24ல இருந்து நேரா 34க்கு ஒரே தாவு. அண்ணன் அதுக்கு வெச்சிருக்கற பேரு 'தோசக்கல்லு'. "கடைசி நேரத்துக்குத்தான் தோசக்கல்லு. ஆரம்பத்துலயே போட்டுட்டீங்கன்னா அப்புறம் போறதுக்கு கியரு இல்ல"ன்னு சொல்லி, செயின்லயும் நாலு கண்ணி சேத்து விட்டாரு. பழைய நீளத்துக்கு அது பத்தாதாம்.

இதுல இன்னொரு கணக்கு இருக்கு, அதை அவரு சொல்லல, நானே ராத்திரி படுத்துட்டு போட்டது. நிமிசத்துக்கு 60 சுத்து மிதிச்சா தோசக்கல்லுல மணிக்கு அஞ்சே கால் கிலோமீட்டர் வேகம். மனுசன் வீசி நடந்தா மணிக்கு அஞ்சு. அதாவது இத்தனை செலவு பண்ணி, இத்தனை மூச்சு வாங்கி, நான் மலையேறப் போறது நடக்கறவன் வேகத்துல. இந்தக் கணக்கை அப்பாகிட்ட சொல்லல.

எட்டு மாசம் பழகுனேன். சேந்தமங்கலம் பக்கத்துல இருக்கற மேடு ஒண்ணு விடல, புரட்டாசி சனிக்கிழமை கூட்டத்தோட கூட்டமா நைனாமலை படியும் ஏறுனேன். அப்பா ஒரு நாள் தானா வந்து திண்ணையில உக்காந்து ரெண்டே ரெண்டு விஷயம் சொன்னாரு. ஒண்ணு, மேடு வர்றதுக்கு முன்னாடியே கியரை மாத்திரு, மேட்டுல ஏறிட்டு மாத்துனா வண்டி செத்துரும். ரெண்டு, எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கு. தலையாட்டிட்டேன். லாரிக்கு சொல்றாரு, சைக்கிளுக்கு அது எங்க பொருந்தப்போகுதுன்னு உள்ளுக்குள்ள ஒரு இளக்காரம்.

தை மாசம், பொங்கல் முடிஞ்ச ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. கூட பைக்ல வர்றியான்னு நம்ம மாப்ள ஒருத்தனைக் கேட்டேன், "உம்பின்னால 70 வளைவும் ஃபர்ஸ்ட் கியர்ல வந்தா என்ற கிளட்ச் பிளேட்டு கருகிப்போயிரும்டா, நீ மேல போயி போன் பண்ணு, பிரியாணி திங்க வர்றேன்"ன்னுட்டான். செரின்னு தனியா, வெள்ளன நாலே முக்காலுக்கு கெளம்பி, காளப்பநாயக்கன்பட்டி தாண்டறப்போ பனி, லைட் வெளிச்சத்துல பஞ்சு பறக்கற மாதிரி. காரவள்ளி செக்போஸ்ட் பக்கம் டீக்கடையில ஒரு டீ, ரெண்டு வாழப்பழம். டயர்ல காத்தை 45 பவுண்டுக்கு ஏத்தி வெச்சிருந்தேன். மண்ணு தடத்துக்கு 30 போதும், தார் ரோட்டுல 30 வெச்சா அந்த முள்ளு டயரு ரோட்டை புடிச்சு இழுக்கும்.

முதல் வளைவு பலகை. மஞ்சள்ல 1/70. அதைப் பாத்ததும் வயித்துல ஒரு மாதிரி ஆச்சு. இந்தப் பலகை வெச்சவங்க மேல எனக்கு ஒரு சின்ன கோவம் உண்டு, எத்தனை முடிஞ்சுதுன்னு போட்டா போதும்ல, ஒவ்வொண்ணுலயும் கீழ அந்த 70ஐயும் எதுக்கு போடறாங்க?

கொண்டை ஊசி வளைவை பஸ்ல உக்காந்து பாக்கறது வேற, சைக்கிள்ல பாக்கறது வேற. வளைவோட உள்பக்கம் இருக்கு பாருங்க, அங்க ரோடு அப்படியே எழும்பி நிக்கும். பத்தடி தூரத்துக்குள்ள ஏற வேண்டிய உயரம் பூராவும் அங்க சுருங்கிக் கெடக்கும். வெளிப்பக்கம் சுத்திப் போனா தூரம் கூட, ஆனா அதே உயரத்தை இழுத்து நீட்டி விட்ட மாதிரி, கிட்டத்தட்ட சமதரை. அதனால ஒவ்வொரு வளைவுக்கு முன்னாடியும் மேல இருந்து வண்டிச் சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டு, கேக்கலைன்னா வெளிப்பக்கம் அகலமா எடுத்து, அந்த ஒரு அஞ்சு செகண்டுல மூச்சை இழுத்துக்கணும். வலது பக்கம் மடியற வளைவுன்னா நம்ம சைடே வெளிப்பக்கம், சொகம். இடது பக்கம் மடிஞ்சா நம்ம சைடு உள்பக்கம், செத்தோம். ஒண்ணு விட்டு ஒண்ணு அப்படித்தான் வரும். பத்து வளைவுக்குள்ள எனக்கு ஒத்தப்படை எண்ணு மேல பாசமும் ரெட்டப்படை எண்ணு மேல வெறுப்பும் வந்துருச்சு.

காலை ஊனாம தண்ணி குடிக்கறது எப்படின்னு ஒரு பிரச்சன. 20வது வளைவுல கட்டைச்செவுத்து மேல எடது கையை ஊனி, சீட்டுல இருந்து எறங்காம, பெடல்ல இருந்து காலை எடுக்காம அப்படியே சாஞ்சு நின்னுட்டேன். கைதானே, காலு இல்லையே. எனக்கு நானே வக்கீல், நானே ஜட்ஜு, கேஸ் தள்ளுபடி.

33வது வளைவுல பஸ் வந்துச்சு. மேல இருந்து எறங்கற பஸ், ஹாரன் அடிச்சுட்டு வளைவுக்குள்ள மூஞ்சிய நீட்டிருச்சு. நான் முக்கிக்கிட்டு இருக்கேன், இனி நிக்கறதைத் தவிர வேற வழியில்லைன்னு நெனச்சப்போ, அந்த டிரைவரு பிரேக் போட்டு பஸ்ஸை அப்படியே நிறுத்திட்டாரு. மலையில ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி, அது எல்லா டிரைவருக்கும் தெரிஞ்ச சட்டம், எங்கப்பா அதை மீறுனவனை மூணு மாநில பாஷையில திட்டுவாரு. அந்த சட்டத்தை எனக்கும் அவரு பொருத்திட்டாரு. கையை வேற காட்டறாரு, வாங்க வாங்கன்னு. அம்பது பேரு இருக்கற பஸ்ஸு, ஜன்னல் எல்லாம் தலை, நான் மணிக்கு அஞ்சு கிலோமீட்டர்ல, ஹேண்டில்பாரு இக்கட்டால அக்கட்டால ஆட, மூக்குல இருந்து வேர்வை சொட்ட, அந்த பஸ்ஸோட நீளத்தை தாண்டறேன். பஸ்ஸு அவ்வளவு நீளம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. பின்படியில தொங்கிட்டு இருந்த கண்டக்டரு, "இன்னும் 37தான் இருக்குதுங்ணா"ன்னாரு. சிரிச்சா மூச்சு போயிரும்னு சிரிக்கல.

அந்த அம்மாவை முதல்ல பாத்தது 41லயோ 42லயோ. அறுவது அறுவத்தஞ்சு வயசு இருக்கும், தலையில சாக்குப் பை, ரோட்டோரமா நடந்துட்டு இருந்தாங்க. நான் தாண்டிப் போனேன். யாரையாச்சும் தாண்டுனது அன்னிக்கு அதுதான் முதல் தடவங்கறதால லேசா ஒரு சந்தோசம் கூட. ரெண்டு வளைவு தாண்டி நிமுந்து பாத்தா, எனக்கு முன்னாடி கட்டைச்செவுத்துல உக்காந்து வெத்தல போட்டுட்டு இருக்காங்க. அதே சாக்கு. வேற ஆளோன்னு நெனச்சேன். மறுபடி தாண்டுனேன். மறுபடி ரெண்டு வளைவு, மறுபடி முன்னாடி.

குறுக்குத் தடம்! ரோடு வர்றதுக்கு முன்னாடி ஜனங்க நடந்த மாதிரி, வளைவை எல்லாம் வெட்டி, நேரா மேல போற ஒத்தையடித் தடம். நம்ம ரோடு என்ன பண்ணுதுன்னா, மலையோட சரிவுல நேரா போனா எந்த இஞ்சினும் இழுக்காதுன்னு, பொடவைக் கொசுவம் மாதிரி மடிச்சு மடிச்சு, உயரத்தை தூரமா மாத்தி விக்குது. மனுசக் காலுக்கு அந்த மடிப்பு தேவையில்ல. நேரா ஏறிரும். ஆக நான் இருவது கிலோமீட்டருக்கு மேல சுத்திட்டு இருக்கற மலைய, அந்த அம்மா வெத்தல போட்டுக்கிட்டே நேரா ஏறிட்டு இருக்காங்க. நாலாவது தடவ தாண்டும்போது அவங்களும் சிரிச்சுட்டாங்க, நானும் சிரிச்சுட்டேன், மூச்சு போச்சு.

58. எழுதும்போது கூட காலு கூசுது. ரெட்டப்படை, உள்பக்கம். அதுவரைக்கும் தோசக்கல்லுக்குப் போகாம 24ஐ வெச்சே சமாளிச்சுட்டு இருந்தேன், அதுல ஒரு வீம்பு, கடைசி அஞ்சுக்கு வெச்சுக்கலாம்னு. வளைவு பாதியில தொடை ரெண்டும் விட்டுப்போச்சு. அப்பத்தான் கியரை தட்டுனேன். செயினு தளர்வா ஓடும்போதுதான் பல்லு மாறும், முழு பாரத்தையும் பெடல் மேல வெச்சுக்கிட்டு தட்டுனா அது ஏறாது, 24க்கும் 34க்கும் நடுவுல 'கரக் கரக்'னு அரைச்சுது, நான் பதறி இன்னும் அழுத்தி மிதிச்சேன், ஒரு 'டொக்', பெடல் கல்லு மாதிரி நின்னுருச்சு, சைக்கிள் நின்னுருச்சு, எடது காலு தானா போயி தார் ரோட்டுல நின்னுச்சு.

வண்டி செத்துரும்னு சொன்னாரு. செத்துருச்சு.

அந்த காலையே பாத்துட்டு நின்னேன். ஷூவுல கொஞ்சம் சேறு, அவ்வளவுதான். 57 வளைவு சுத்தமா ஏறியாச்சு, 12 வளைவுதான் மிச்சம், அழுகையே வந்துருச்சுன்னு சொன்னா நம்புவீங்களா. அந்த நேரத்துல பக்கத்துப் புதர் அசைஞ்சு, தடத்துல இருந்து அந்த அம்மா ரோட்டுக்கு ஏறி வந்தாங்க.

"பஞ்சருங்களா கண்ணு?"

"இல்லீங்மா."

"பெறவென்ன நின்னுட்ட?"

என்னன்னு சொல்றது? காலை ஊனிட்டேங்கன்னு சொன்னா அந்த அம்மாவுக்கு என்ன புரியும்? எனக்கே அதுல என்ன குத்தம்னு அந்த செகண்டுல புரியல. அவங்க அதுக்குள்ள சைக்கிளோட பின்பக்கத்தை குனிஞ்சு பாத்துட்டு இருந்தாங்க. எதையோ தேடற மாதிரி.

"கேரியரு எங்க?"

"இதுக்கு கேரியர் வராதுங்மா."

"கேரியரு இல்லாம என்ன சைக்கிளு இது"ன்னு சொல்லிட்டு சாக்கைக் கீழ வெச்சாங்க. அதுல நெசமான ஏமாத்தம் இருந்துச்சு. இருவத்தோரு கியர், சஸ்பென்சன், டிஸ்க் பிரேக்கு, எல்லாம் இருந்து கேரியர் இல்லாத சைக்கிளை அவங்க அன்னிக்குத்தான் முதல்ல பாக்கறாங்க போல.

சாக்குல முடவாட்டுக்கால் கிழங்கு. கொல்லிமலை போனவங்களுக்குத் தெரியும், பாறையிலயும் மரத்துலயும் ஒட்டி வளர்ற ஒரு வகை பெரணியோட தண்டு, மேல செம்பட்டை கலர்ல ரோமம் மாதிரி மூடியிருக்கும், பாக்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். அதுல சூப்பு வெச்சு மூட்டுவலிக்கு குடிப்பாங்க. ஏழெட்டு கிலோ இருக்கும் சாக்கு. மலை மேல இருக்கற சோளக்காடுங்கற ஊருல கடைக்கு போடறதுக்கு எடுத்துட்டுப் போறாங்களாம். நான் ஒண்ணும் பெருந்தன்மையா எல்லாம் கேக்கல, அவங்களே சாக்கைத் தூக்கி ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்கற பைப்பு மேல குறுக்கால போட்டு, தலைச்சும்மாடு துணிய அவுத்து கட்டிட்டாங்க. "நீ ரோட்டுல தள்ளிட்டு வா, நான் தடத்துல போயி நிக்கிறேன்"னுட்டு புதருக்குள்ள போயிட்டாங்க. அவ்வளவுதான். பேரு ஊரு தெரியாத ஒருத்தன்கிட்ட சாக்கைக் குடுத்துட்டு!

58ல இருந்து 63 வரைக்கும் தள்ளுனேன். சாக்கு இருக்கும்போது சீட்டுல உக்காந்தா மொழங்காலு இடிக்குது, மிதிக்க முடியாது. தள்ளும்போதுதான் எல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சுது, அதுவரைக்கும் நான் பாத்தது முன்சக்கரத்தை மட்டும்தான். சில்வர் ஓக் மரத்துல மெளகுக் கொடி சுத்தி ஏறியிருக்கறது, கீழ நாம வந்த ரோடு துண்டு துண்டா தெரியறது, ஒரு குரங்கு குட்டிய வயித்துல கட்டிக்கிட்டு என்ற பின்னாடியே வாழப்பழத்துக்கு நடந்து வர்றது. ஒவ்வொரு ரெண்டு வளைவுக்கும் அந்த அம்மா மேல நின்னு எட்டிப் பாப்பாங்க, நான் வர்றேனான்னு இல்ல, சாக்கு வருதான்னு.

63ல சாக்கை வாங்கிட்டு, இனி தடம் நேரா சோளக்காட்டுக்குப் போயிரும், நீ ஏறிக்கன்னாங்க. ரெண்டு கிழங்கு எடுத்து கையில குடுத்தாங்க. ஐயோ வேண்டாங்மான்னு நான் ஒரு பேச்சுக்கு மறுத்தேன். "அம்பது ரூவா குடு"ன்னாங்க. குடுத்தேன்.

மிச்ச ஏழு வளைவும் தோசக்கல்லுல, மொதல்லயே மாத்திட்டு, ஏறுனேன். 70/70 பலகைகிட்ட யாரோ ஒரு குடும்பம் போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க, அவங்க நகர்ற வரைக்கும் காலை ஊனி நின்னேன். சோளக்காட்டுல கிழங்கு சூப்பு ரெண்டு கிளாஸ். மெளகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு தட்டிப்போட்டு கொதிக்க வெச்சது, நெஜமாவே ஆட்டுக்கால் சூப்பு வாசம். மூட்டுவலி போச்சான்னு கேக்காதீங்க, அன்னிக்கு எது மூட்டு எது வலின்னு பிரிச்சு சொல்ற நெலமையில நான் இல்ல.

ஆனா மலையோட உச்சி அது இல்லையே. கொல்லிமலை மேல போனா ஒரே தட்டையா இருக்காது, 1,000 மீட்டர்ல இருந்து 1,300 மீட்டர் வரைக்கும் ஏறி எறங்கி, நடுவுல நெல்லு வயலு, அன்னாசி, காப்பி, அங்கங்க குன்று. செம்மேட்டுல வல்வில் ஓரி குதிரையில உக்காந்திருக்கற சிலைகிட்ட ஒரு அஞ்சு நிமிசம் நின்னேன். ஒரே அம்புல யானை, புலி, மானு, பன்னி, உடும்பு அஞ்சையும் அடிச்ச ராசான்னு சொல்லுவாங்க. அவரு குதிரைய எத்தனை எடத்துல எறங்கி நடத்திட்டுப் போனாருன்னு யாரும் சொல்லல. அப்புறம் மாசி பெரியண்ணன் கோயில் குன்றுக்குத் திரும்பினேன். கடைசி ஏத்தம் சொல்லி மாளாது. உக்காந்து மிதிச்சா முன்சக்கரம் தரையை விட்டு எழும்புது, நெஞ்சை ஹேண்டில்பாரு மேல சாச்சு எடைய முன்னாடி கொண்டு போனா பின்சக்கரம் சரளையில வழுக்குது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு புள்ளி இருக்கு, சீட்டோட மூக்கு நுனியில உக்காந்துக்கணும், அது கெடச்சா இருவது மிதி போலாம். கெடைச்சப்போ மிதிச்சேன், கெடைக்காதப்போ எறங்கி தள்ளுனேன். எத்தனை தடவன்னு எண்ணல. மேல வேலுங்க நட்டு வெச்சிருந்த எடத்துக்குக் கொஞ்சம் கீழயே சைக்கிளை சாச்சுட்டு, ஷூவை கழட்டிட்டு, நடந்து போயி நின்னேன். காத்துன்னா காத்து, வேர்த்த பனியன் ஐஸ் மாதிரி ஆயிருச்சு. கீழ ஊருங்க எல்லாம் பொகைக்குள்ள. மாப்ளைக்கு போன் பண்ணலாம்னு பாத்தா சிக்னல் இல்ல, பிரியாணி போச்சு.

எறங்கறதைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அப்பாவோட ரெண்டாவது ரூல் சைக்கிளுக்கு ஆகாது. லாரியை சின்ன கியர்ல போட்டா இஞ்சினே புடிச்சு நிறுத்தும், சைக்கிள்ல ஃப்ரீவீல் இருக்கு, எந்த கியர்ல இருந்தாலும் சக்கரம் அது பாட்டுக்கு ஓடும். முழுசும் பிரேக்குதான். நானும் சைக்கிளும் பையும் சேந்து 92 கிலோ, ஆயிரம் மீட்டர் கிட்ட எறங்கறோம்னா, அந்த சக்தி பூராவும் சூடானா ரெண்டரை லிட்டர் தண்ணிய கொதிக்க வெச்சிரலாம். காத்து கொஞ்சம் வாங்கிக்கும், மிச்சம் அந்த ரெண்டு தகடு டிஸ்க்குலதான். 1976ல கலிஃபோர்னியாவுல மலையில இருந்து எறங்கற ரேஸ் ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அதுக்கு பேரே ரீபேக்கு. பழைய கனத்த சைக்கிளு, பெடலை பின்பக்கம் மிதிச்சா புடிக்கற பிரேக்கு, கீழ வந்து சேர்றதுக்குள்ள ஹப்புக்குள்ள இருக்கற கிரீஸு வெந்து பொகையா போயிருமாம், மறுபடி கிரீஸ் அடைச்சாத்தான் அடுத்த ஓட்டம், அதனால அந்தப் பேரு. இன்னிக்கு மவுண்டன் பைக்குன்னு நாம ஓட்டறது எல்லாம் அந்த கூட்டத்துல இருந்து வந்ததுதான். அவங்க மேல எப்படி ஏறுனாங்கன்னு நெனைக்கிறீங்க? ஒண்ணு தள்ளிட்டு, இல்லைன்னா லாரியில ஏத்திட்டு. கியர் வெச்சு மிதிச்சே ஏறலாம்னு பெறவுதான் தோணியிருக்கு. எனக்கு இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த வாழத்தாரு வண்டிக்கு இவ்வளவு கூச்சப்பட்டிருக்க மாட்டேன்.

பிரேக்கை புடிச்சே வெச்சிருக்காம, வளைவுக்கு முன்னாடி அழுத்தி புடிச்சு, நேர்ல விட்டு, அஞ்சு வளைவுக்கு ஒருக்கா நிறுத்தி ஆற விட்டு எறங்குனேன். 40கிட்ட ஒரு தடவ டிஸ்க்குல எச்சித் துப்பி பாத்தேன், சொய்ங்குன்னுச்சு, தோசக்கல்லு மாதிரியே.

பொழுதோட வீடு வந்தேன். அப்பா திண்ணையில.

"எத்தனை எடத்துல தள்ளுன?"

"58ல இருந்து 63 வரைக்கும். அப்புறம் மேல கோயில் ஏத்தத்துல."

"58ஆ." யோசிச்சாரு. "அந்த உள்வளைவு. மேட்டுல போயி கியர் மாத்தியிருப்ப."

நான் பேச்சை மாத்தறதுக்கு பையில இருந்து அந்த ரெண்டு கிழங்கை எடுத்து வெச்சேன். அம்மா வந்து ஒண்ணை எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, ரோமத்தை தடவிப் பாத்தாங்க. என்ன வெலைன்னு கேட்டாங்க. ரெண்டும் சேத்து அம்பதுன்னேன்.

"ஏமாத்திட்டா"ன்னு சொல்லிட்டு அதைச் சொரண்ட கத்தி எடுக்க உள்ள போனாங்க.